சித்தியின் குரலை என் இசையில் சேர்க்கலாமா?

ஆரபி

வணக்கம். நான் ஜெர்மனியில் மேற்கத்திய செவ்வியல் இசையில் கம்போஸிஷன், அதாவது இசையமைப்பு, படிக்கிறேன். படிப்பு முடிய ஒரு படைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிங் குவார்டெட்டும் (இரண்டு வயலின், ஒரு வயலா, ஒரு செல்லோ) ஒலிப்பதிவும் சேர்ந்த இருபது நிமிட இசை என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் சித்தி கிளிநொச்சியில் இருக்கிறார். அவருடைய மூத்த மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அந்தத் தாய்மாரில் அவரும் ஒருவர். போன தடவை ஊருக்குப் போனபோது அவர் பேசியதைக் கைபேசியில் பதிவு செய்தேன். இசைக்காக இல்லை, அம்மாவுக்குக் கேட்கக் கொடுப்பதற்காக.

இங்கே வந்து திரும்பக் கேட்டபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். "அவன்ர சேட்டு இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு" என்கிறார். சேட்டு என்றால் சட்டை. 'கிடக்கு' என்ற இடத்தில் குரல் அரைச்சுரத்துக்கும் குறைவாகச் சரிகிறது, அப்புறம் எழும்பவே இல்லை. அந்தச் சரிவை வயலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) அப்படியே எடுத்து வாசிக்கும்படி எழுதினேன். மற்ற மூன்று வாத்தியங்களும் ஒவ்வொன்றாக அதற்குள் வருகின்றன. அழகாக வந்திருக்கிறது. அழகாக வந்திருப்பதால்தான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆசிரியர், "எதை எடுத்தாய் என்பதைவிட எப்படிக் கையாண்டாய் என்பதைப் பார்" என்கிறார். கூடப் படிக்கும் ஒருவர், "இது உன் துயரம் இல்லையே" என்றார். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய_ரேடியோ

ஆரபி, இந்த வழியில் உங்களுக்கு முன்பே நடந்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ். 1988-இல் அவர் எழுதிய 'டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்' இதே அமைப்புத்தான், குவார்டெட்டும் ஒலிப்பதிவும். பேசுபவரின் குரல் எந்தச் சுரத்தில் ஏறி இறங்குகிறதோ அதை வயலாவும் செல்லோவும் திருப்பிச் சொல்லும். யூத இன அழிப்பில் தப்பியவர்களின் குரல்களை ஆவணக்காப்பகப் பதிவுகளிலிருந்து எடுத்தார். அவர்கள் பேசியது சாட்சியத்துக்காக, இசைக்காக அல்ல.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. பெற்றோர் பிரிந்திருந்ததால் சின்ன வயதில் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ரயிலில் போய் வந்தவர் அவர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பிறந்திருந்தால், யூதப் பையனான தான் வேறு ரயிலில் ஏற்றப்பட்டிருப்பேன் என்ற எண்ணத்திலிருந்துதான் அந்த இசையே தொடங்கியது. தன்னை வளர்த்த தாதியின் குரலையும், அந்த ரயில்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் குரலையும் பதிவு செய்து முதலில் வைத்தார். தான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை மறைக்கவில்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டு கிளிநொச்சிக் குரலைக் கேட்கும் நீங்களும் அந்த இசைக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கோமதி_மதுரை

எனக்கு இந்தக் கேள்வியே சங்கடமாக இருக்கிறது. இசைக்குச் சமூகப் பொறுப்பு என்று ஒன்றைச் சுமத்த ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று வரலாறு காட்டியிருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்ட்யூவைப் பாருங்கள். வரைபடங்களையே ஸ்கோராக (வாசிப்பவருக்கான இசைக்குறிப்பாக) எழுதியவர், 1969-இல் இசை தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் சேர்த்து ஓர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியவர். எழுபதுகளில் மாவோயிசத்துக்குப் போனதும் தன்னுடைய நல்ல படைப்புகளையெல்லாம் மக்களுக்கு எதிரானவை என்று தானே தள்ளிவைத்தார். அப்புறம் எழுதிய போராட்டப் பாட்டுகளை இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

ஆரபி, அந்த வயலா வரி நன்றாக இருக்கிறதா? இருந்தால் வையுங்கள். கேட்பவர் மனத்தில் உங்கள் சித்தி நிற்பார். அதற்கு மேல் இசை என்ன செய்ய முடியும்?

வயலாக்காரன்

நான் தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவில் வயலா வாசிப்பவன். ஒரு விஷயத்தை வாசிப்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கியின் ஹிரோஷிமா இரங்கல் இசை பலருக்கும் தெரியும். 52 தந்தி வாத்தியங்கள்: வயலின் 24, வயலா 10, செல்லோ 10, டபுள் பாஸ் 8. என் ஸ்கோரில் பல இடங்களில் சுரமே கிடையாது. உன் வாத்தியத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போ என்று ஒரு முக்கோணக் குறி இருக்கும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் குட்டித் தந்தியில் வில்லைப் போடு, வாத்தியத்தின் உடம்பைத் தட்டு என்று இருக்கும். பத்து வயலாவும் ஒரே சமயத்தில் அப்படிச் செய்யும்போது பக்கத்தில் இருப்பவன் வாசிப்பது எனக்குக் கேட்காது. உடம்பு நடுங்கும்.

அதை 1960-இல் எழுதியபோது அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? எட்டு நிமிடம் முப்பத்தேழு நொடி. வெறும் நேர அளவு. பிறகு வாசித்துக் கேட்டபோது அதிலிருந்த உணர்ச்சி தன்னையே தாக்கியதாகவும், அதற்குப் பொருத்தம் தேடி ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கு அர்ப்பணித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். நான் வாசித்த எந்த வில்வீச்சும் ஹிரோஷிமாவை நினைத்து எழுதப்பட்டது இல்லை. அது தெரிந்த பிறகு என்னால் அதைப் பழையபடி வாசிக்க முடியவில்லை. தலைப்பை எடுத்துவிட்டால் அதில் மிச்சமிருப்பது தந்தி வாத்தியங்களில் செய்த மிகச் சிறந்த ஒரு பரிசோதனை. இறந்தவர்களின் பெயர் அந்தப் பரிசோதனைக்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. இறந்தவர்களுக்கு அது என்ன கொடுத்தது?

பழைய_ரேடியோ

> இறந்தவர்களுக்கு அது என்ன கொடுத்தது?

இதை ஏற்க மாட்டேன். எழுதி முடித்த பிறகு தன் இசைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் கண்டுகொள்வதில் என்ன தவறு? போலந்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே வளர்ந்த பையன் அவர். அந்த அலறல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே பிறகுதான் புரிந்திருக்கலாம். வெறும் நேர அளவுத் தலைப்போடு விட்டிருந்தால் அது இசைக்கல்லூரிகளுக்குள்ளேயே கிடந்திருக்கும். அந்தப் பெயர் இருப்பதால் இன்றும் உலகெங்கும் அரங்கில் அந்த ஊரின் பெயர் அச்சாகிறது.

வயலாக்காரன்

அச்சாகிறது, சரி. 2017-இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டைச் சோதித்த காட்சிக்குப் பின்னணியாக அதே இசையைப் போட்டது. செத்தவர்களுக்கான இரங்கல் இசை குண்டு வெடிப்பதற்கே பின்னணியாகிவிட்டது. ஒட்டவைத்த பெயர் என்பதால்தான் இவ்வளவு சுலபமாக இடம் மாற்ற முடிகிறது என்பது என் எண்ணம்.

சித்தன்கேணி

ஆரபி பிள்ளை, நான் டொராண்டோவில் இருக்கிறன். உங்கட மேற்கத்திய இசையில் எனக்குப் பெரிய பழக்கமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறன். சித்தியிட்ட கேட்டீங்களோ?

மேலே எல்லாரும் இசையமைத்தவருக்கு உரிமை இருக்கோ இல்லையோ என்று கதைக்கிறீங்கள். உயிரோடு இருக்கிற ஒரு தாயைப் பற்றி, அவவுக்குத் தெரியாமல் ஏழெட்டுப் பேர் முடிவெடுக்கிறது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கட சனத்தைப் படம் பிடித்தவை, பேட்டி எடுத்தவை, அறிக்கை எழுதினவை கனபேர். போனவை திரும்பி வந்து, "அம்மா, உங்களை வைத்து இதைத்தான் செய்தோம்" என்று காட்டினது குறைவு. அந்தத் தாய்மார் கொட்டிலுக்குள் இருந்து எத்தனை மைக்குக்குச் சொல்லிவிட்டினம் என்று யோசித்துப் பாருங்கோ.

ஆரபி

ஐயா, கேட்கவில்லை. பதிவு செய்கிறேன் என்று தெரியும். இசையில் வரப் போகிறது என்று தெரியாது. குவார்டெட் என்றால் என்ன, மைக்கில் அவர் குரல் வரும்போது நாலு பேர் வாசிப்பது எப்படி இருக்கும் என்று தொலைபேசியில் எப்படி விளக்குவது என்றே தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

மருதன்

விளக்க முடியும் ஆரபி. செய்தவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964-இல் இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோ ஜெனோவா நகரத்துக்குப் பக்கத்தில் கோர்னிலியானோவில் இருந்த இரும்பாலைக்குப் போனார். கவிஞர் ஜூலியானோ ஸ்காபியாவும் ஒலிப்பதிவு நிபுணர் மரினோ சுக்கேரியும் உடன் போனார்கள். ஊதுலையின் சத்தம், உருட்டாலையின் சத்தம், தொழிலாளர் பேச்சு எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துக்கொண்டு மிலானில் இருந்த வானொலி ஸ்டுடியோவில் வைத்து வேலை செய்தார்கள். தொழிலாளர் சொன்ன சொற்களும் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வரிகளும் பாட்டு வரிகளாயின. மேடையில் ஒரே ஒரு சோப்ரானோ (உச்சக்குரல்) பாடகி, சுற்றிலும் ஒலிபெருக்கிகளில் ஆலை. 'லா ஃபாப்ரிகா இல்லுமினாத்தா' என்று பெயர். உரையில் இருந்த அரசியல் பிடிக்காமல் இத்தாலிய வானொலி அதை ஒலிபரப்புவதிலிருந்து பின்வாங்கியது. வெனிஸ் விழாவில்தான் முதலில் அரங்கேறியது.

இதுவரைக்கும் சொன்னது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. நோனோ அந்த டேப்பைத் தொழிலாளர்களிடமே எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் கேட்டார்கள், விவாதித்தார்கள், இதை எப்படிச் செய்தீர்கள் என்று நுட்பமாகக் கேள்வி கேட்டார்கள். தினமும் எவ்வளவு கொடூரமான சத்தத்துக்குள் வேலை செய்கிறோம் என்று இதைக் கேட்டபோதுதான் உறைத்தது என்று சிலர் சொன்னதாக நோனோ பதிவு செய்திருக்கிறார். அது எலெக்ட்ரானிக் இசை, மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. படித்த ரசிகர்களே எழுந்து போகிற மாதிரியான இசை. ஆலைத் தொழிலாளிக்கு இது புரியாது என்று அவர் நினைக்கவில்லை. சித்தன்கேணி ஐயா கேட்ட "இதைத்தான் செய்தோம்" என்று காட்டுவது இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். 1985-இல் அகில்லே லாவ்ரோ என்ற பயணக் கப்பலைப் பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரர்கள் கடத்தினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த 69 வயது லியோன் கிளிங்ஹாஃபர் என்ற அமெரிக்க யூதரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். ஆறே ஆண்டுகளில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் அதை ஓபெராவாக, அதாவது இசை நாடகமாக ஆக்கினார். 1991-இல் அது புரூக்ளினில் நடந்தபோது கிளிங்ஹாஃபரின் இரண்டு மகள்களும் யாருக்கும் தெரியாமல் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். தங்கள் அப்பாவின் கொலை இப்படிப் பயன்பட்டிருப்பதைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். 2014-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெரா அதை மேடையேற்றியபோது வாசலில் மறியல். திரையரங்குகளில் காட்டவிருந்த நேரடி ஒளிபரப்பு ரத்து. மகள்களின் அறிக்கையை நிகழ்ச்சிக் கையேட்டிலேயே அச்சிட்டார்கள்.

அந்த ஓபெரா யூத வெறுப்பைப் பரப்புகிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அதன் கோரஸ் பகுதிகள் நம் காலத்தில் எழுதப்பட்ட மிக ஆழமான இசைகளில் அடங்கும். ஆனாலும் அந்த இரண்டு பெண்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பெயர் சொல்லாமல் உள்ளே போய்த் தங்கள் அப்பாவின் சாவைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை என்னால் கடந்து போக முடியவில்லை. கையேட்டில் இடம் கொடுக்க 23 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கோமதி_மதுரை

மருதன், அப்படியானால் அந்த மகள்கள் வேண்டாம் என்றால் அந்த ஓபெராவே வந்திருக்கக் கூடாதா? பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு ஒவ்வொரு படைப்பையும் நிறுத்தும் அதிகாரம் கொடுத்தால், கொலை செய்தவன் குடும்பமும் நாளை அதே அதிகாரத்தைக் கேட்கும். அரசாங்கமும் கேட்கும். உங்கள் நோனோவின் இசையை வானொலி நிறுத்தியதும் யாரோ புண்படுவார்கள் என்ற காரணத்தில்தானே?

மருதன்

நியாயமான கேள்வி. உலகமே செய்தியில் பார்த்த சம்பவத்தை ஒரு குடும்பம் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. ஓபெரா வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதால் முன்கூட்டிப் போய்ப் பேசும் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது.

ஆரபியின் விஷயம் வேறு. இது செய்தியில் வந்த சம்பவம் இல்லை. ஒரு வீட்டுக்குள் அக்கா மகளை நம்பிச் சொன்ன வார்த்தை. அந்தக் குரல் அவருடையது. இங்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமை சித்திக்கு முழுமையாக உண்டு.

இசைநேசன்_பெங்களூர்

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருப்பவன், முதல் தடவை எழுதுகிறேன். ஆரபி தொடங்கி வைத்த "அழகாக வந்திருப்பதால்தான்" என்ற பயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் இதில் கடினமான பகுதி.

1947-இல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 'வார்சாவில் தப்பிய ஒருவன்' எழுதினார். விஷவாயு அறைக்கு அனுப்ப யூதர்களை எண்ணும் காட்சி, கடைசியில் அவர்கள் சேர்ந்து பாடும் பிரார்த்தனை. தத்துவவாதி அடோர்னோ, ஷோன்பெர்க்கை உயரத்தில் வைத்துப் போற்றியவர், இதில் மட்டும் நெருடல் அடைந்தார். யோசிக்கவே முடியாத ஒரு கதிக்குக் கலை வடிவம் கொடுக்கும்போது அதற்கு ஏதோ அர்த்தம் இருந்தது போல் ஆகிவிடுகிறது, அதன் கொடூரத்தில் கொஞ்சம் கழன்றுபோகிறது என்றார். அடிபட்டுக் கிடந்தவர்களின் வலியிலிருந்து கேட்பவனுக்கு ஏதோ ஒரு சுவை கிடைத்துவிடுகிறது. ஆரபி பயப்படுவது இதற்குத்தான்.

ஆனால் அதன் அரங்கேற்றத்தையும் நினைத்துப் பாருங்கள். பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் அதை முதலில் வாசிக்கவில்லை. 1948 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில், பெரும்பாலும் அமெச்சூர்கள் வாசித்த ஒரு நகர ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. முடிந்ததும் கூட்டம் கைதட்டவில்லை. அமைதி. உடனே மறுபடி முழுதாக வாசித்தார்கள். அந்தக் கூட்டம் சுவைத்துவிட்டுப் போனதாக என்னால் நினைக்க முடியவில்லை.

அழகைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறைக் கலகத்திலும் அதை ஆயுதப் படை அடக்கியதிலும் மொத்தம் 43 பேர் உயிரிழந்தார்கள். அதில் சாம் மெல்வில் ஒருவர். வெடிகுண்டு வைத்த குற்றத்துக்காக உள்ளே இருந்தவர், அப்பாவி என்று சொல்ல முடியாதவர். அந்த வசந்தத்தில் அவர் எழுதிய ஒரு கடிதத்தை இசையமைப்பாளர் ஃப்ரெடரிக் ஜெவ்ஸ்கி 'கமிங் டுகெதர்' என்ற இசைக்கு எடுத்தார். கடிதத்தில் அழுகை இல்லை. நேரம் எப்படிப் போகிறது, உடம்பு நன்றாக இருக்கிறது என்கிற மாதிரியான விஷயங்கள்தான். எட்டே வாக்கியம். ஒருவர் அதைத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்பப் பேசுவார். கீழே பாஸ் வரி ஒரு விநாடிகூட நிற்காமல் ஓடும். சோக மெட்டு எங்கேயும் வராது. இப்போது என்னை அழவிடு என்று கேட்பவன் காத்திருப்பான், இசை விடாது. அந்த மனிதன் உயிரோடு இருந்தபோது சொன்னதை மட்டும் கேட்டாக வேண்டும்.

பழைய_ரேடியோ

இதற்கு நேரெதிராகப் போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி இருக்கிறது, 1976-இல் எழுதியது. அதன் நடுப்பகுதியில் சோப்ரானோ பாடுவது, போலந்தின் ஜகோபானேயில், நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி கிறுக்கிய வரிகளை. "அம்மா, அழாதே" என்று தொடங்கும். அது முழுக்க முழுக்க அழகு. 1992-இல் வந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் சுவரில் இருந்தவற்றில் இதை ஏன் எடுத்தார்? மற்றவையெல்லாம் பழிவாங்கு, நான் நிரபராதி என்று கத்தின. இந்தப் பெண் மட்டும் அம்மாவைத் தேற்றினாள். அழகு அவளுடைய சொல்லிலேயே இருந்தது, இசையமைத்தவர் மேலே பூசவில்லை.

ஆரபி, உங்கள் சித்தியின் குரலும் அப்படித்தானே சரிந்தது?

ஆரபி

நேற்று சித்தியோடு பேசினேன். பயந்த அளவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாலு பேர் வயலின் மாதிரி வாசிப்பினம், நடுவில நீங்கள் கதைக்கிறது கேட்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாற சனத்துக்குத் தமிழ் விளங்குமோ?" என்று கேட்டார். விளங்காது, மொழிபெயர்த்துத் தாளில் கொடுப்போம் என்றேன். "அப்ப அவன்ர முழுப்பெயரையும் போடு. வயசையும் போடு" என்றார்.

பதிவிலிருந்து நான் எடுத்திருந்த பகுதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். போராட்டக் கொட்டில் பற்றிப் பேசியது, வழக்குக்கு அலைந்தது, அவன் பள்ளிக்கூடத்தில் கடைசியாக வாங்கிய பரிசு, எல்லாவற்றுக்கும் சரி என்றார். சேட்டு வரிக்கு வேண்டாம் என்றார். "அது உனக்குச் சொன்னது" என்றார்.

அந்த வரி போய்விட்டது. எடுத்துவிட்டேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. இப்போது கேள்வி வயலா வரி. அதில் சொல் எதுவும் இல்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் அது அந்தச் சொல்லின் சரிவு.

கோமதி_மதுரை

வையுங்கள். சொல்லை அவர் கேட்டார், கொடுத்துவிட்டீர்கள். சுரத்தை நீங்கள் எழுதினீர்கள். ஒருவர் பேச்சில் கேட்ட இறக்கம் இசையமைப்பாளரின் காதில் தங்கிப் பிறகு எங்கோ வருவது காலங்காலமாக நடப்பது. அதற்கும் அனுமதி வேண்டுமென்றால் யாரும் எதையும் எழுத முடியாது.

வயலாக்காரன்

வாசிக்கப் போகிறவன் இடத்திலிருந்து சொல்கிறேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒத்திகையில் கேட்பேன். எப்படி வாசிப்பது என்பதற்கு அது தேவை. நீங்கள் உண்மையைச் சொன்னால் சித்தி உங்களுக்கு மட்டும் சொன்னது எனக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் என்னிடம் ஒன்றை மறைத்து வாசிக்க வைப்பீர்கள். எனக்கென்றால் இரண்டும் வேண்டாம்.

இசைநேசன்_பெங்களூர்

நான் இருவருக்கும் நடுவில் இருக்கிறேன். ஆனால் ஆரபி, நீங்கள் இந்த இழையிலேயே அந்த வரியை எழுதிவிட்டீர்கள். முதல் பதிவைத் திருத்திவிடலாம் இல்லையா? அதை மேற்கோள் காட்டியவர்களும் எடுத்துவிடலாம்.

சித்தன்கேணி

பிள்ளை, சித்தி வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டதே பெரிய காரியம். வயலா வரிக்கும் அவவிட்டயே கேளுங்கோ. வாசித்துப் பதிந்து அனுப்புங்கோ. இது அந்த இடத்தில இருந்து வந்தது என்று சொல்லுங்கோ. அவவுக்கு விளங்கும். வேண்டாம் என்றால் வேறு மெட்டு உங்களுக்கு வராதோ?

மொழிபெயர்ப்புக்கு நான் உதவி செய்யலாம். மகள் டுசல்டோர்ஃபில் படித்தவள், ஜெர்மன் நன்றாக வரும். ஊர்ப்பேச்சை ஜெர்மனுக்குக் கொண்டு போகேக்கை சொற்களைப் பார்த்துப் போட வேணும். 'காணாமல் போனவர்' என்று போட்டுவிடாதேங்கோ, 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று வர வேணும்.

ஆரபி

நன்றி ஐயா. முதல் பதிவைத் திருத்தச் சொல்லி மட்டுறுத்துநருக்கு எழுதிவிட்டேன். வயலா பகுதியை இந்த வாரம் ஒரு தோழி வாசித்துத் தருகிறாள், அதைச் சித்திக்கு அனுப்புவேன். மொழிபெயர்க்க வேண்டிய பகுதிகளை உங்களுக்குத் தனிமடலில் போடுகிறேன். சித்தி சரி என்ற பகுதிகள் மட்டும்தான் அதில் இருக்கும்.